காசநோயுற்ற குழந்தையும் மருந்தின் தொல்லைகளும்

குழந்தைக்குக் காசநோய் என்று வைத்தியர் கூறிவிட்டார். மார்புநோய்ச் சிகிச்சை நிலையத்திலே குளிசைகளைக் கொடுத்து அனுப்பினார்கள். முதல் நாள் மருந்து உள்ளே சென்றது. அன்று நண்பகலுக்குள்ளாகவே குழந்தையின் சிறுநீர் செம்மஞ்சளாகி, ஏறக்குறையக் குருதி கலந்தாற்போன்ற நிறத்தில் வெளிப்படுகின்றது. அதைக் காணும் தாயின் நெஞ்சு என்ன பாடுபடும் என்று விரித்துரைக்க வேண்டியதில்லை. வீட்டிலே பாட்டி ஒருத்தி இருப்பாளாயின், "மருந்துச் சூடு குழந்தையை உருக்குது, நிற்பாட்டு பிள்ளை" என்று சொல்லியும் விடுவாள். மறுநாட் குளிசை பெட்டியிலேயே கிடந்துவிடும்.

உண்மையில் அந்த நிறம் குருதியும் அன்று, சூடும் அன்று. றிபாம்பிசின் என்னும் மருந்து இயல்பாகவே செங்கற்பொடி போன்ற நிறமுடையது. அது உடலில் உறிஞ்சப்பட்டுச் சிறுநீரிலும் உமிழ்நீரிலும் கண்ணீரிலும் வியர்வையிலும் வெளியேறும்போது தன் நிறத்தையும் உடன்கொண்டு செல்கின்றது. அழுத குழந்தையின் கன்னத்திலும் வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பட்டியிலும் சில வேளை அதன் கறையைக் காணலாம். இதனால் ஒரு தீங்கும் இல்லை. மருந்து உள்ளே சென்றுவிட்டது என்பதற்கு இதனை ஓர் அடையாளமாகவே அனுபவமுள்ள தாதியர் கொள்வர். இந்தச் செய்தியை முதல் நாளே தாய்க்குச் சொல்லியிருந்தால், அஞ்சியிருக்க வேண்டிய அவளே, "நிறம் வந்துவிட்டது" என்று ஆறுதல் கொண்டிருப்பாள்.

காசநோய்ச் சிகிச்சையில் வரும் தொல்லைகள் எல்லாம் இப்படிப்பட்டவை என்று கூறவும் முடியாது. பொறுத்துக்கொள்ள வேண்டியவை பல. சிறிது முயன்றால் தணிக்கக் கூடியவை சில. அன்றைக்கே மருந்தை நிறுத்திக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வைத்தியரிடம் ஓட வேண்டியவை மிகச் சில. இம்மூன்றையும் வேறு பிரித்து அறியாமையால் இரண்டு வகையாகவும் கேடு விளைகின்றது. நிறுத்தத் தேவையில்லாதபோது நிறுத்திய குழந்தைக்கு நோய் மீளுகின்றது. நிறுத்த வேண்டியபோது தொடர்ந்த குழந்தைக்கு ஈரல் கெடுகின்றது.

மருந்தை ஏன் இத்தனை மாதம் கொடுக்க வேண்டும் என்பதை முதலில் அறிந்துகொள்ளல் நன்று. 1882ஆம் ஆண்டு மார்ச் மாதம் 24ஆம் நாள் றொபேட் கொக் என்னும் ஜேர்மானிய வைத்தியர் பேர்லினில் உலகுக்கு அறிவித்த காசநோய்க் கிருமி, மற்றைய கிருமிகளைப் போல அவசரம் உடையதன்று. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சில பற்றீரியாக்கள் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒன்று இரண்டாகப் பிளக்கும். காசநோய்க் கிருமியோ ஒருமுறை பிளப்பதற்கு ஏறக்குறைய ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். இடையிடையே உறங்கியும் கிடக்கும். மருந்துகளோ பெரும்பாலும் வளரும் கிருமியையே தாக்குவன. ஆகவே உறங்கும் கிருமி விழிக்கும்வரை மருந்து காவல் இருக்க வேண்டியதாகின்றது. முதல் இரண்டு மாதம் மூன்று அல்லது நான்கு மருந்துகள், பின்னர் நான்கு மாதம் இரண்டு மருந்துகள் என்பதே வழக்கமான முறை. கடுமையற்ற காசமுள்ள குழந்தைகளுக்கு மொத்தம் நான்கு மாதமே போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. எந்தக் குழந்தை எந்த வகை என்பதை வைத்தியரே துணிதல் வேண்டும். மூளையிலோ எலும்பிலோ கிருமி புகுந்தால் ஓராண்டு வரை செல்லும்.

ஒரே மருந்து போதாதோ என்றும் சிலர் கேட்பர். அந்தக் கேள்விக்கு விடை மிகுந்த துயரத்துடன் கிடைத்தது. 1940களில் ஸ்ரெப்ரோமைசின் கண்டுபிடிக்கப்பட்டபோது அதனை அற்புதம் என்றே உலகம் கொண்டாடிற்று. பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபை 107 நோயாளரைக் கொண்டு செய்து 1948இல் வெளியிட்ட பரிசோதனையில், அம்மருந்து பெற்ற 55 பேருள் ஆறு மாதத்தில் இறந்தவர் நால்வர். பெறாத 52 பேருள் இறந்தவர் பதினால்வர். ஆனால் ஐந்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, மருந்து பெற்றோரில் 32 பேரும் பெறாதோரில் 35 பேரும் இறந்துபோயிருந்தனர். பத்து இலட்சம் கிருமிகளில் ஒன்றிரண்டு இயல்பாகவே ஒரு மருந்துக்கு அடங்காதவையாய் இருக்கும். ஒரே மருந்தைக் கொடுத்தால் மற்றவை மடிய, அடங்காதவை பெருகிவிடும். பல மருந்துகளை ஒருசேரக் கொடுக்கும் முறை இதிலிருந்தே பிறந்தது. தாய் ஒருத்தி, "இந்தக் குளிசைதான் குமட்டுகிறது" என்று ஒன்றை மட்டும் ஒதுக்கிவிட்டு மற்றவற்றைக் கொடுப்பாளாயின், அவள் அறியாமலே அந்தப் பழைய பிழையை வீட்டிலே மீண்டும் செய்கிறாள்.

முற்காலத்தில் இக்கவலை தாய்க்கு இருக்கவில்லை. நோயாளர் மாதக்கணக்காகச் சனற்றோரியங்களிலே கிடந்தனர். சென்னையில் 1956இல் அமைக்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம், 193 நோயாளரிற் பாதிப்பேரைச் சனற்றோரியத்திலும் மறுபாதிப்பேரை அவரவர் எளிய வீடுகளிலும் வைத்து ஓராண்டு மருந்து கொடுத்துப் பார்த்தது. வீட்டிலிருந்தோர், நல்லுணவும் ஓய்வும் குறைவாயிருந்தும், ஏறக்குறைய அவ்வளவே நன்றாகக் குணமடைந்தனர். 1959இல் இம்முடிவு வெளியாயிற்று. அன்று முதல் உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சை வீட்டுக்கு வந்தது. அதனுடன் தாதியின் வேலையும் தாயின் கைக்கு வந்து சேர்ந்தது.

இனித் தொல்லைகளைப் பார்ப்போம். முதலில் எதிர்ப்படுவது குமட்டலும் வாந்தியுமே. மருந்து வெறும் வயிற்றில் நன்கு உறிஞ்சப்படும் என்பதால், உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னோ இரண்டு மணி நேரம் பின்னோ கொடுக்கும்படி கூறுவர். குமட்டல் மிகும் குழந்தைக்குச் சிறிது கஞ்சியோ இரண்டு வாய் சோறோ கொடுத்து அதன்மேல் மருந்தைக் கொடுப்பதில் தவறில்லை. சற்றுக் குறைவாக உறிஞ்சப்படும் மருந்து, வாந்தியுடன் நிலத்திற் கிடக்கும் மருந்தைவிட மேலானதே. மருந்து உட்கொண்ட அரை மணிக்குள் முழுவதும் வாந்தியெடுத்தால் மீண்டும் அதே அளவு கொடுப்பது பொதுவான வழக்கம். அதற்குப் பிந்தியதாயின் நிலையத்தைக் கேட்டறிந்தே செய்தல் வேண்டும். நாள்தோறும் வாந்தி என்றால் அதை "மருந்து ஒவ்வவில்லை" என்று தள்ளிவிடலாகாது. ஈரல் முதன்முதலாக முறையிடுவதும் அவ்வாறே.

ஒரு காலத்தில் பெரியோருக்குரிய குளிசையை உடைத்தும் அரைத்தும் தேனிற் குழைத்தும் குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். அளவும் தவறிற்று, கசப்பும் தாங்க முடியாததாயிற்று. 2015ஆம் ஆண்டின் இறுதியில் குழந்தைகளுக்கென்றே தண்ணீரிற் கரையும் கூட்டுக் குளிசை உலகிற்கு அறிமுகமாயிற்று. ஐசோனியசிட் 50 மில்லிகிராம், றிபாம்பிசின் 75 மில்லிகிராம், பைறசினமைட் 150 மில்லிகிராம் ஆகிய மூன்றும் அதில் அடங்கும். பழச்சுவையும் உண்டு. கரைத்தவுடன் கொடுத்துவிட வேண்டும். கரைத்து வைத்துவிட்டுக் குழந்தை விழிக்கும்வரை காத்திருத்தல் கூடாது. கோப்பையின் அடியில் தங்கியதையும் சிறிது தண்ணீர் விட்டு அலசிக் கொடுத்தல் வேண்டும். மருந்தின் ஒரு பங்கு அங்கேதான் ஒளிந்திருக்கும்.

கைகால் விறைப்பு, எறும்பு ஊர்வது போன்ற உணர்வு என்பன ஐசோனியசிட்டால் வருபவை. அது விற்றமின் பி6ஐ உடலிலிருந்து கவர்ந்துவிடுகின்றது. இத்தொல்லையைத் தடுக்க அந்த விற்றமினைச் சிறிதளவு உடன் கொடுத்தாலே போதும் என்பதை நிறுவியதிலும் மேற்கூறிய சென்னை நிலையத்தின் ஆராய்ச்சிகளுக்குப் பெரும் பங்குண்டு. நன்கு உண்ணும் குழந்தைக்கு இக்குறை பெரும்பாலும் வருவதில்லை. மெலிந்த குழந்தைக்கும் தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் சிசுவுக்கும் வைத்தியர் அந்தச் சிறு குளிசையையும் சேர்த்தே எழுதுவார். பொருட்படுத்தாது விடத்தக்கதன்று அது. மூட்டு நோவு பைறசினமைட்டின் வேலை. பெரியோருக்கு வருமளவு குழந்தைகளுக்கு வருவதில்லை. தோலிற் சிறு தினவு எடுத்தால் அதைத் தணிக்க வேறு மருந்துண்டு. ஆனால் தோல் எங்கும் சிவந்து, காய்ச்சலும் சேர்ந்து, வாயிலும் கண்ணிலும் புண்ணாகத் தொடங்கினால் அடுத்த வேளைக் குளிசையைக் கொடுக்கலாகாது. அன்றே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

உணவைப் பற்றிய ஒரு செய்தி இலங்கையருக்குச் சிறப்பாக உரியது. சூரை மீன் குழம்புடன் உணவருந்திய காசநோயாளர் சிலருக்கு, உண்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தலை இடித்து, நெஞ்சு படபடத்து, கண் சிவந்து, உடல் தினவெடுக்கும் ஒரு நிலை ஏற்படுவதை இந்நாட்டு மார்புநோய் வைத்தியர் சி. ஜி. ஊரகொட கண்டார். மருந்தியல் அறிஞர் எஸ். ஆர். கொட்டேகொடவுடன் சேர்ந்து 1977இல் அதனை உலகுக்கு எடுத்துரைத்தார். சூரை மீனின் தசையில் உள்ள ஒரு பொருள், மீன் குளிரில் வைக்கப்படாது கிடக்கும்போது ஹிஸ்டமீனாக மாறுகின்றது. சமைத்தாலும் அது அழிவதில்லை. சாதாரணமாக நம் குடலில் உள்ள நொதியம் ஒன்று அதனைச் சிதைத்துவிடும். ஐசோனியசிட்டோ அந்த நொதியத்தின் கையைக் கட்டிவிடுகின்றது. மற்றவர் உண்டு ஒன்றும் நேராத அதே குழம்பு மருந்து உட்கொள்பவரை மட்டும் வாட்டுவதன் காரணம் இதுவே. பெரும்பாலும் சில மணி நேரத்தில் தானே தணியும். மூச்சிழுப்புக் கண்டால் தாமதம் கூடாது. ஆகவே சிகிச்சை முடியும்வரை சூரை மீனையும் அதன் இனத்தவற்றையும் குழந்தைக்குக் கொடாதிருப்பது நன்று.

இச்செய்தியைக் கேட்டவுடன் மீன் முழுவதையுமே விலக்கிவிடும் வீடுகளும் உண்டு. அங்கேதான் இன்னொரு தவறு நேர்கின்றது. மருந்து என்றால் பத்தியம் என்பது நம்மவரிடையே வேரூன்றிய எண்ணம். முட்டை சூடு, இறால் கிரந்தி, கத்தரிக்காய் கிரந்தி, கணவாய் ஆகவே ஆகாது, பழம் குளிர் என்று ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போனால் குழந்தைக்கு எஞ்சுவது வெறுஞ்சோறும் ரசமுமே. காசநோயோ உடலை உருக்கும் நோய். சயம் என்று முன்னோர் அதற்குப் பெயரிட்டது தேய்வதைக் கண்டே. தேய்ந்த உடலுக்கு மருந்தின் தீங்கும் மிகுதியாகும். முட்டையும் பருப்பும் புதுமீனும் பாலும் கீரையும் தாராளமாகக் கொடுக்க வேண்டிய காலம் இதுவே. இம்மருந்துகளுக்குப் பத்தியம் உண்டு என்று எந்த வைத்தியரும் எழுதிக் கொடுப்பதில்லை.

மிகவும் அஞ்சத்தக்கது ஈரலுக்கு வரும் கேடு. ஐசோனியசிட், றிபாம்பிசின், பைறசினமைட் ஆகிய மூன்றுமே ஈரலின் வழியாகச் செல்வன. மூன்றுமே அதனை வருத்தக் கூடியன. பெரியோரைவிடக் குழந்தைகள் இதனை நன்றாகத் தாங்குகின்றனர் என்பது ஆறுதலான செய்தி. குருதியைச் சோதித்துப் பார்த்தால் ஈரல் நொதியங்கள் சற்று உயர்ந்திருக்கும் குழந்தைகள் பலர் உளர். குழந்தை விளையாடிக்கொண்டும் உண்டுகொண்டும் இருக்குமாயின், இயல்பான உச்ச அளவின் ஐந்து மடங்குக்கு மேற்படாத உயர்வுக்காக மருந்தை நிறுத்துவதில்லை. எண்ணைவிடக் குழந்தையின் நிலையே பெரிது. பசி அடியோடு போய்விட்டதா? ஓயாத வாந்தியா? வலப்பக்க விலாவின் கீழே தொட்டால் நோகிறதா? ஓடித்திரிந்த பிள்ளை சுருண்டு படுத்துவிட்டதா? கண்ணின் வெண்மை மஞ்சளாகிவிட்டதா? இவற்றுள் ஒன்று கண்டாலும் மருந்தை அவ்விடத்திலேயே நிறுத்தி, அன்றே வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும்.

சிறுநீர் நிறத்தின் குழப்பம் இங்கே மீண்டும் எழும். காமாலையிலும் சிறுநீர் கறுக்கும். றிபாம்பிசினாலும் நிறம் மாறும். மருந்தின் நிறம் குளிசை கொடுத்த சில மணி நேரத்தில் மிகுந்து, அடுத்த வேளைக்குள் வெளுக்கும், செம்மஞ்சளாகவே இருக்கும். காமாலையின் நிறம் கடுந்தேத்தண்ணீர் போன்றது. நாள் முழுவதும் மாறாது. ஐயம் இருந்தால் குழந்தையைச் சூரிய வெளிச்சத்திற்குக் கொண்டுவந்து கண்ணின் வெள்ளை விழியைப் பார்க்க வேண்டும். மின்விளக்கின் மஞ்சள் ஒளியில் பார்த்துப் பயனில்லை.

காமாலை என்றதும் வேலியோரத்துக் கீழ்க்காய்நெல்லியைப் பறித்து அரைத்து மோரிற் கலந்து கொடுப்பது நம்மவர் வழக்கம். அம்மூலிகையின் குணத்தைப் பற்றி இங்கே வழக்காடத் தேவையில்லை. ஒருபுறம் மூலிகையைக் கொடுத்துக்கொண்டே மறுபுறம் ஈரலைச் சுடும் குளிசையையும் தொடர்ந்து கொடுப்பதே ஆபத்து. மூன்று நாள் மூலிகை பார்ப்போம் என்று காத்திருந்த அந்த மூன்று நாளிலேதான் மீளக்கூடிய ஈரல் மீளாததாகிவிடுகின்றது. காய்ச்சலுக்காகக் கடையில் வாங்கும் பரசிற்றமோலையும் அளவுக்கு மீறிக் கொடுத்தலாகாது. அதுவும் அதே ஈரலின் தோளிலேதான் ஏறுகின்றது. குழந்தை வலிப்புக்கு மருந்து உட்கொள்வதாயின் அதனையும் மறவாது சொல்லிவிட வேண்டும். இம்மருந்துகள் அதன் அளவைக் கூட்டவும் குறைக்கவும் வல்லன.

ஈரல் காரணமாக மருந்து நிறுத்தப்பட்டது என்றால் சிகிச்சை முடிந்துவிட்டது என்பதன்று பொருள். ஈரல் தேறிய பின் வைத்தியர் மருந்துகளை ஒவ்வொன்றாகச் சில நாள் இடைவெளியிட்டு மீண்டும் தொடங்குவார். எது குற்றவாளி என்பது அப்பொழுது தெரியவரும். அம்மருந்தை நீக்கிவிட்டு வேறொன்றைச் சேர்ப்பார். சில கிழமைகள் பொறுமை வேண்டிய வேலை இது. பல பெற்றோர் காணாமற் போவதும் இந்த இடைவெளியிலேதான்.

நான்காவது மருந்தான எதம்பியூற்றோல் கண்ணின் நரம்பைத் தாக்கக் கூடியது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாமற் போவது முதல் அறிகுறி. குழந்தைகளுக்குக் கொடுக்கும் அளவில் இது மிக அரிது. ஆயினும் பெரியவர் தமக்குக் கண் மங்குகிறது என்று சொல்வர். மூன்று வயதுக் குழந்தை சொல்லாது. நேற்றுவரை நிலத்திற் கிடந்த சோற்றுப் பருக்கையைப் பொறுக்கிய குழந்தை இன்று தடவித் தேடுகிறதா, படியில் இடறுகிறதா என்று தாய்தான் பார்க்க வேண்டும். பார்த்தால் உடனே அம்மருந்தை நிறுத்துவர். வேளைக்கு நிறுத்தினால் பார்வை பெரும்பாலும் மீளும்.

மருந்தின் தீங்கு போலத் தோன்றி, தீங்கல்லாத ஒன்றும் உண்டு. கழுத்துக் கட்டியிற் காசம் கண்ட குழந்தைக்கு, மருந்து தொடங்கிச் சில கிழமைகளின் பின் கட்டி முன்னிலும் பெரிதாவதுண்டு. சில வேளை புதிய கட்டியும் எழும்; உடைந்து ஒழுகவும் கூடும். மருந்து பலிக்கவில்லை என்று பெற்றோர் மனம் உடைவர். மடிந்த கிருமிகளின் சிதைவுகளை நோக்கி, தேறிவரும் உடல் மூர்க்கமாகப் பாய்வதால் நேர்வது அது. வைத்தியரிடம் காட்டத்தான் வேண்டும். வேறு காரணம் உண்டா என்று அவர் ஆராய்வார். ஆனால் அதற்காக மருந்தை நிறுத்துவதில்லை.

இரண்டாம் மாதம் முடியும்போது இருமல் நின்று, காய்ச்சல் ஓய்ந்து, குழந்தை மீண்டும் முற்றத்தில் விளையாடும். அந்த வேளையிலே எஞ்சியிருக்கும் கிருமிகள் சிலவே. ஆனால் அவைதாம் உறங்கும் கூட்டம். குளிசையின் தொல்லை கண்ணுக்குத் தெரிகின்றது, நோயோ தெரியவில்லை. நல்ல தாய்மாரும் தளர்வது இங்கேயே. பக்கத்தில் நின்று மருந்து விழுங்குவதைப் பார்க்கும் பொறுப்பை வேறொருவரிடம் ஒப்படைக்கும் முறை இதற்காகவே ஏற்பட்டது. அது தாயின் மேல் ஐயம் கொண்டு ஏற்படுத்தியதன்று.

மாதந்தோறும் குழந்தையை நிறுத்துப் பார்ப்பதும் வெறுஞ் சடங்கன்று. குழந்தைக் குளிசையின் எண்ணிக்கை நிறையைப் பொறுத்தது. 8 முதல் 11 கிலோகிராம் வரை இரண்டு குளிசை. 12ஐத் தொட்டால் மூன்று. குணமாகிக் கொழுக்கும் குழந்தை தன் பழைய அளவைத் தாண்டி வளர்ந்துவிடும். அளவு மாறாதிருந்தால் மருந்து குறைந்துபோகும். நிறை ஏறாத குழந்தையின் பெற்றோரிடமும் அன்று பல கேள்விகள் கேட்கப்படும். அந்த நாளில் வீட்டிலுள்ள மற்றையோரையும் கூட்டிச் செல்வது முறை. குழந்தைக்குக் கிருமி வந்தது பெரும்பாலும் அதே கூரையின் கீழ் இருமும் பெரியவர் ஒருவரிடமிருந்தே. அவருக்கு மருந்து தொடங்காமல் குழந்தைக்கு மட்டும் கொடுப்பது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதாகும். ஐந்து வயதுக்குட்பட்ட தம்பி தங்கை இருப்பின், நோயில்லை என்று சோதித்தறிந்தபின் அவர்களுக்கும் தடுப்பு மருந்து கொடுப்பர்.

கடைசி மாதக் குளிசையும் தீர்ந்தபின் நிலையத்தில் ஒருமுறை பார்த்து அட்டையை முடித்துக் கொடுப்பார்கள். குழந்தையின் சிறுநீர் ஓரிரு நாளில் பழைய நிறத்துக்கு வந்துவிடும்.